ஆடல்மகளும் அறங்கூறுவோரும்

தமிழ்த் திரைப்படங்களில் இடம்பெறும் தனிநடனங்களைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்செழும்போதெல்லாம் ஒரே தீர்ப்புத்தான் வழங்கப்படுகிறது. அந்தக் காலத்தில் கலை இருந்ததாம். பின்னர் வந்தவர்கள் அதைக் கெடுத்துவிட்டார்களாம். அத்தோடு நில்லாமல், கெடுத்தவர்கள் யார் என்ற வினாவிற்கு ஆடிய பெண்களின் பெயர்களையே அடுக்குவார்கள். அவர்தம் ஒழுக்கத்தைப் பற்றியும் ஓரிரு சொற்கள் உதிரும். அவையில் கைதட்டல் எழும். பேசியவர் மனநிறைவோடு அமர்வார்.

இத்தீர்ப்பின் முற்பாதி அரைகுறை உண்மை. பிற்பாதி முழுப் பொய். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் இந்நூலைப் படிப்பார்கள் என்பதால், இதனைச் சற்று விரித்துரைக்க விழைகிறேன். ஏனெனில், இவ்வழக்கில் நாமும் ஒரு தரப்பினரே. நடுவர் இருக்கையில் அமரும் தகுதி நமக்கு உண்டா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது.

'அந்தக் காலம்' என்று எதைச் சொல்கிறோம்? 1944-இல் வெளிவந்து, மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று புகழ்பெற்ற 'ஹரிதாஸ்' அந்தக் காலத்துப் படந்தான். அதில் டி. ஆர். ராஜகுமாரி ஏற்ற பாத்திரம் எது? தியாகராஜ பாகவதர் ஏற்ற நாயகனை மயக்கி, அவன் பொருளைப் பறித்து, பெற்றோரையும் மனைவியையும் மறக்கச் செய்யும் கணிகை. ஆடவல்லவள் என்றால் ஆடவனைக் கெடுப்பவள் என்னும் சூத்திரம் எண்பதுகளில் எழுதப்பட்டதன்று. அது நம் திரையின் தொட்டிலிலேயே கிடந்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றாலும் நமக்குப் பெருமைப்பட ஏதுமில்லை. ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறி, சோழ மன்னனிடம் தலைக்கோலும் ஆயிரத்தெண் கழஞ்சு பொன் மாலையும் பெற்ற மாதவியை வகுப்பறையில் நாம் எப்படி நடத்துகிறோம்? அரங்கேற்று காதையின் நுட்பங்களைப் பாராட்டிவிட்டு, அடுத்த பாடவேளையில் கோவலனின் அழிவுக்கு அவளையே பொறுப்பாக்குகிறோம். கலையைப் போற்றிக் கலைஞரைப் பழிக்கும் இந்த இரட்டை நாக்கு நம் பழஞ்சொத்து.

திரைப்படம் பேசத் தொடங்கிய முப்பதுகளில் தமிழ்நாட்டில் வேறொரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தையே எழுதினார். 1947-இல் சட்டம் நிறைவேறிற்று. அது வேண்டிய சட்டம். அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் சதிர் என்னும் ஆடல் பரதநாட்டியம் எனப் புதுப்பெயர் பெற்றது. 1932-இல் சென்னை மியூசிக் அகாதமி அப்பெயரை ஏற்றது; 1936-இல் ருக்மிணி தேவி கலாட்சேத்திரத்தை நிறுவினார். ஆடல் சபாக்களில் ஏறி மதிப்புப் பெற்றது. அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பங்களின் பெண்களுக்கோ அம்மேடைகளில் இடம் சுருங்கிற்று. பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர் தம் மேதைமையால் நிலைத்தனர். இசையும் ஆடலும் அறிந்த வேறு பலர்க்குத் திறந்திருந்த வாயில் நாடகமும் திரைப்படமுமே. இந்த உண்மையை மறைத்துவிட்டுத் 'திரைப்படம் நாட்டியத்தைக் கெடுத்தது' என்று பேசுவது, வீட்டைவிட்டு வெளியேற்றியவனே 'இவள் தெருவில் நிற்கிறாளே' என்று முகஞ்சுளிப்பதை ஒக்கும்.

தீர்ப்பின் முற்பாதியில் அரை உண்மை இருக்கிறது என்றேனே, அது எது? 1948-இல் எஸ். எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை எண்ணிப் பாருங்கள். பெரும் முரசுகள் அரண்மனை முற்றத்தில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மீது மகளிர் ஆடுகின்றனர். கொடுங்கோலனாகிய இளவரசன் ஆடலில் தன்னை மறந்திருக்கிறான். ஆடல் முடிந்ததும் முரசுகள் பிளக்கின்றன. உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வாளோடு வெளிப்படுகின்றனர். அந்நடனத்தை வெட்டி எறிந்தால் கதை முறிந்துவிடும். கண்ணுக்கு விருந்தாகவும் கதைக்கு முதுகெலும்பாகவும் ஒரே காட்சி அமைந்தது. ராஜகுமாரியும் அங்கே மயக்கும் கணிகையல்லர். தன் மீட்சிக்குத் தானே சூழ்ச்சி வகுக்கும் பெண். நான்கே ஆண்டுகளில் ஒரே நடிகைக்கு இவ்விரு பாத்திரங்களும் வாய்த்திருக்கின்றன என்றால், குறை ஆடலில் இல்லை, கதை எழுதியவனின் எழுதுகோலில் இருக்கிறது என்பது விளங்கவில்லையா?

ஆயினும் அக்காலத்து நடனங்கள் யாவும் இப்படிக் கதையோடு பின்னப்பட்டிருந்தன என்று எண்ணிவிடலாகாது. திருவாங்கூர்ச் சகோதரிகளான லலிதா, பத்மினி, ராகினி ஆகியோரின் நடனம் நாற்பதுகளின் இறுதியிலும் ஐம்பதுகளிலும் எத்தனையோ படங்களில் செருகப்பட்டது. கதைக்கும் அதற்கும் தொடர்பிருக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. 'பராசக்தி' (1952) போன்ற புரட்சிப் படத்திலும் குமாரி கமலாவின் ஆடல் ஒன்று உண்டு. ஆகவே ஒட்டாத நடனம் என்பது பிற்காலத்தார் கண்டுபிடிப்பு அன்று. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. அந்த நடனம் நடனமாக இருந்தது. ஆடுபவர் ஆண்டுக்கணக்கில் பயின்றவர். குமாரி கமலாவுக்கு வழுவூர் இராமையா பிள்ளை ஆசான். 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதியார் பாடல்களுக்குக் கமலா ஆடியபோது, ஆசானின் பயிற்சி ஒவ்வோர் அடவிலும் தெரிந்தது. ஒளிப்படக் கருவி சற்றுத் தள்ளி நின்று தலைமுதல் கால்வரை காட்டிற்று. பாதம் தெரிந்தது! இதனை அற்பச் செய்தி என்று தள்ளிவிட வேண்டா. பாதம் தெரியாத படத்தில் ஆடல் தெரியாது. ஆடத் தெரியாதவரை ஆடுவதாகக் காட்டுவதற்குப் பாதத்தை மறைப்பதே முதல் தந்திரம்.

1958-இல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதினார்கள். இருவரில் மேம்பட்டவர் யார் என்னும் வழக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தீர்ந்தபாடில்லை. மக்கள் எதைப் பற்றி வாதிட்டார்கள் என்பதுதான் நோக்கத்தக்கது: சுழற்சியை, வேகத்தை, தாளத்தை. 1962-இல் 'கொஞ்சும் சலங்கை'யில் கமலாவும் குசலகுமாரியும் போட்டியிட்டு ஆடினர். 1968-இல் ஏ. பி. நாகராசன், கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையைத் 'தில்லானா மோகனாம்பாள்' என்று படமாக்கினார். அதில் நாதசுரத்துக்கும் சதங்கைக்கும் நிகழும் போட்டியை நம் ஆசிரியர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள்.

ஆனால் அப்படத்தில் பத்மினியைவிட என் நெஞ்சில் நிற்பவர் மனோரமா. ஜில் ஜில் ரமாமணி என்னும் நாடகக்காரி. சாத்திர முறை அறியாதவள். ஊர் ஊராகச் சென்று பொதுமக்கள் முன் ஆடிப் பிழைப்பவள். பேச்சிலும் நடையிலும் சற்றுத் தூக்கலானவள். வேறு எந்த இயக்குநர் கையில் அகப்பட்டிருந்தாலும் அவளை ஏளனப் பொருளாக்கியிருப்பார். நாகராசன் அவளுக்கு ஓர் இதயத்தையும் அன்பையும் தன்மானத்தையும் தந்தார். வேத்தியல், பொதுவியல் என்று கூத்தை இரண்டாகப் பகுத்தனர் நம் முன்னோர். ஒன்று உயர்வு, மற்றொன்று இழிவு என்னும் பொருளில் அப்பகுப்பு எழவில்லை. செவ்வியல் ஆடினால் கலை, தெருவில் ஆடினால் ஆபாசம் என்று பேசுவோர் ரமாமணியை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஆடலின் இடம் மாறிற்று. அரசவையும் நாடக மேடையும் போய், இரவுக் கேளிக்கை விடுதி வந்தது. கள்ளக்கடத்தல்காரன் மேசையின்முன் மதுக்கிண்ணம். அவன் கையில் வைரப் பெட்டி. ஒட்டுத்தாடியோடு மூலையில் கதாநாயகன். (அந்தத் தாடியைப் படத்தில் உள்ள வில்லனைத் தவிர அரங்கில் உள்ள அனைவரும் கண்டுகொள்வர்.) இவர்களுக்கிடையே ஒரு பெண் ஆடுவாள். ஜோதிலட்சுமி, விஜயலலிதா, ஜெயமாலினி என்று ஒரு வரிசையே உருவாயிற்று. இவர்களில் நன்கு ஆட வல்லோர் இருந்தனர். ஆனால் கதையில் அப்பெண்ணுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை; தாய் தந்தை இல்லை; நாலு நிமிடத்துக்கு முன்னும் வாழ்வில்லை, பின்னும் வாழ்வில்லை. பெயரைப் பறித்ததுதான் முதற் குற்றம். ஆடையைக் குறைத்தது அதன்பின் வந்தது. இதனை மாற்றிச் சொல்பவர்கள் நோயை விட்டு அறிகுறிக்கு மருந்து கட்டுகிறார்கள்.

1969-இல் ஸ்ரீதர் இயக்கிய 'சிவந்த மண்'ணில் ஒரு காட்சி. கதாநாயகன் சாட்டையைச் சொடுக்குகிறான். காஞ்சனா அடிபட்டுத் துடித்து ஆடுகிறார். ஒவ்வோர் அடிக்கும் எல். ஆர். ஈஸ்வரியின் குரல் வலியை இசையாக்குகிறது. மெல்லிசை மன்னரின் இசையமைப்பில் அப்பாடல் ஓர் அரிய படைப்பு என்பதை நான் மறுக்கவில்லை. கதைக்குள் அதற்குரிய காரணமும் கூறப்படுகிறது. என்றாலும், சாட்டையடிக்குச் சீழ்க்கை அடித்து மகிழும் ஓர் அவையை அக்காட்சி பயிற்றுவித்தது.

ஈஸ்வரியின் பெயரைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்லாமல் மேற்செல்ல முடியவில்லை. கேளிக்கை விடுதிப் பாடலா, ஈஸ்வரியைக் கூப்பிடு என்பது அன்றைய இசைக்கூடங்களின் எழுதாச் சட்டம். அதே ஈஸ்வரி பாடிய அம்மன் பாடல்கள் ஆடி மாதத்தில் இந்நாட்டு மாரியம்மன் கோயில்களின் ஒலிபெருக்கிகளில் விடியற்காலையிலேயே முழங்குகின்றன. நாம் கைகூப்பி நிற்கிறோம். குரலுக்கு மன்னிப்பு உண்டு, உடலுக்கு இல்லை என்பது எந்த அறநூலில் எழுதியிருக்கிறது?

எண்பதுகளுக்கு வருவோம். பழி முழுவதும் யார் தலைமீது சுமத்தப்பட்டதோ அவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆந்திரத்தின் ஏலூருப் பகுதியில் 1960-இல் வறிய குடும்பத்தில் பிறந்து, பள்ளிப்படிப்பைத் தொடர இயலாமல் சென்னைக்கு வந்த விஜயலட்சுமி என்னும் பெண், 1980-இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரையே தம் பெயரோடு ஒட்டிக்கொண்டு சில்க் ஸ்மிதா ஆனார். அடுத்த ஆண்டே பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை'யில் அவருக்கு ஆடலே இல்லாத, அடங்கிய ஒரு மனைவியின் பாத்திரத்தைத் தந்தார். அவர் அதைச் செவ்வனே நடித்தார். நடிக்கத் தெரிந்தவர் என்பதற்கு அதுவே போதிய சான்று. திரையுலகம் அச்சான்றைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டது. 1982-இல் 'சகலகலா வல்லவன்' வந்தது. அதன் வெற்றியில் அவர் ஆடலுக்கும் பங்குண்டு. அதன்பின் அவருடைய ஒரு பாட்டைச் சேர்த்தால் படம் விலைபோகும் என்பது வணிக விதியாயிற்று.

அதே 1982-இல் பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை'. நம்மவர்கள் போற்றும் படம். தேசிய விருதுகள் பெற்ற படம். அதில் கதாநாயகன் பள்ளி ஆசிரியன்; சில்க் ஸ்மிதா முதிய தலைமையாசிரியரின் இளம் மனைவி. அவள் கனவாக ஓர் ஆடல் வருகிறது. கதைக்கு அது வேண்டியதுதானா என்று கேட்டால் கலைப்பட அன்பர்கள் தடுமாறுவார்கள். வேண்டாதது எனின், சேர்த்தவர் யார்? ஆடியவரா? பாடலின் மெட்டு, ஒளியமைப்பு, படப்பிடிப்புக் கோணம், தணிக்கைக்கு அனுப்புவது, சுவரொட்டியில் எந்தப் படத்தைப் பெரிதாக அச்சிடுவது என்பவற்றில் எதனையும் முடிவு செய்தவர் அவர் அல்லர். முடிவு செய்தவர்கள் விருது பெற்றார்கள், செல்வம் பெற்றார்கள். பட்டம் மட்டும் அவருக்குக் கிடைத்தது: கவர்ச்சிக் கன்னி. 1996 செப்டம்பர் 23-இல் சென்னையில் அவர் தம் இல்லத்தில் இறந்து கிடந்தபோது வயது முப்பத்தைந்து. 2011-இல் அவர் வாழ்வைத் தழுவி இந்தியில் படம் எடுத்தார்கள். அதுவும் நல்ல வசூல்.

இவ்விடத்தில் ராஜகுமாரியை ஒப்புநோக்குக. 'ஹரிதாஸ்' படத்துக் கணிகையாக நடித்தவரே தம் உடன்பிறந்தவர் டி. ஆர். ராமண்ணாவோடு படக்கம்பெனி நடத்தினார். சென்னைத் தியாகராய நகரில் தம் பெயராலேயே திரையரங்கு கட்டினார். கணிகையாக நடித்ததற்காக அவரை எவரும் வாழ்விலிருந்து விலக்கவில்லை. காரணம், அவர் கணிகையாகவும் நடித்தார், அரசியாகவும் நடித்தார், தாயாகவும் நடித்தார். பின்வந்தவர்க்குச் செய்த கொடுமை ஒரே கூண்டில் அடைத்ததுதான்.

தொண்ணூறுகளில் கூண்டு திறக்கப்பட்டதா? 1993-இல் 'ஜென்டில்மேன்' படத்தில் பிரபுதேவாவோடு ஒரே ஒரு பாட்டுக்கு ஆட வந்தவர் கௌதமி; முன்னணிக் கதாநாயகி. 2002-இல் 'யூத்' படத்தில் சிம்ரன். 2007-இல் 'சிவாஜி'யில் நயன்தாரா. கதாநாயகியே ஆடத் தொடங்கிய பின் இழிவு நீங்கிவிட்டது, பெண் விடுதலை பெற்றுவிட்டாள் என்று சிலர் மகிழ்கிறார்கள். எனக்கு அம்மகிழ்ச்சி இல்லை. இழிவு நீங்கியது யாருக்கு? ஏற்கெனவே பெயரும் இல்லமும் உடையவர்க்கு. அந்த ஒரு பாட்டையே பிழைப்பாகக் கொண்டிருந்த பெண்ணின் பிழைப்புப் போயிற்று. மும்பையிலிருந்து ஒரு புதுச்சொல் இறக்குமதியாயிற்று: 'ஐட்டம்'. கடைச்சரக்கைச் சுட்டும் சொல். அதைத் தமிழ் இதழ்கள் கூச்சமின்றி அச்சிட்டன. நாமும் கூச்சமின்றிப் படித்தோம். சொல்லாராய்ச்சியில் வல்ல நம்மிடமிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட எழவில்லை.

'இது மக்கள் கலை. மேட்டுக்குடியார்க்கு இது புரியாது' என்று வாதிடுவோரும் உளர். குத்துப்பாட்டில் பறையோசை இருக்கிறது, கானா இருக்கிறது, ஆகவே எதிர்ப்பவன் மக்கள் பகைவன் என்பார்கள். 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதனே திரையில் தோன்றிப் பாட, மாளவிகா ஆடியது பெருவெற்றி பெற்றது. கானாக் கலைஞர் ஒருவரின் முகமும் பெயரும் வெளியே வந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் அதன்பின் வந்த எத்தனை பாடல்களில் கலைஞர் வந்தார்? தாளத்தை எடுத்துக்கொண்டு தாளக்காரனை வாயிலில் நிறுத்திவிட்டார்கள். வட சென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்ட பாட்டு, கேளிக்கை மண்டபத்தில் இடுப்பை நோக்கிக் குவிந்த கருவிக்குத் துணை ஆயிற்று. மக்கள் கலையை மக்கள் கலையாகவே காட்டினால் ஓடாது என்பதும் பொய். 1989-இல் கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' என்ன ஆயிற்று? கரகம் எடுத்து ஆடும் ஓர் ஆணையும் பெண்ணையும் பெயரோடும் குடும்பத்தோடும் நிறுத்தினார். நாடே திரண்டு பார்த்தது.

2021-இல் வந்த 'புஷ்பா' தெலுங்குப் படம், தமிழிலும் ஒலித்தது. சமந்தா ஆடிய அதன் பாடல் ஆடவரின் பார்வையைச் சாடுவதாக எழுதப்பட்டது. ஆடவர் அமைப்பு ஒன்று ஆந்திரத்தில் வழக்குத் தொடுத்ததும் செய்தியாயிற்று. வாய் சாடுகிறது, கருவியோ சாடப்பட்ட அதே பார்வையை நாலு நிமிடம் பார்க்கிறது. 2023-இல் 'ஜெயிலர்' படத்தில் தமன்னாவின் ஆடல் படத்துக்குள் ஒரு படப்பிடிப்பாக வைக்கப்பட்டது. நடனத்தைத் திறம்பட ஆடினார், நான் மறுக்கவில்லை. இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

இந்நாட்டுக்கும் இந்த ஆடல்மரபுக்கும் உறவு பழையது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய படப்பிடிப்பு நிலையத்தில் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் போன்ற இந்திய இயக்குநர்களே தொடக்க காலத்து மலாய்ப் படங்களை எடுத்தார்கள். பாட்டும் ஆடலும் இன்றிக் கதை நகராது என்னும் நம் வழக்கம் அவர்களோடு சென்றது. பி. ரம்லீயை வளர்த்த பள்ளி அது. ஆகவே திரை ஆடலை அந்நியச் சரக்கு என்று ஒதுக்கிவிட இயலாது.

ஆனால் நம் தமிழ்ப்பள்ளி மேடைகளில் நடப்பது என்ன? 'ஜெயிலர்' வந்த ஆண்டில் எத்தனை பரிசளிப்பு விழாக்களில், எத்தனை தீபாவளி ஒன்றுகூடல்களில், ஒன்பது வயதுச் சிறுமியர் அந்த ஆடலை அப்படியே ஆடினார்கள் என்பதை நீங்களே எண்ணிச் சொல்லுங்கள். உதட்டுச்சாயம் பூசி, இடுப்பு தெரிய உடுத்தி, திரையில் முப்பது வயதுப் பெண் வில்லனுக்கும் விற்பனைக்குமாக அசைத்த அசைவை அக்குழந்தை தலைமையாசிரியருக்கும் பெற்றோர் சங்கத் தலைவருக்கும் முன்னே அசைக்கிறாள். கைப்பேசிகள் உயர்கின்றன. கைதட்டல். அடுத்த நிகழ்ச்சி, திருக்குறள் மனனப் போட்டிப் பரிசளிப்பு!

சில்க் ஸ்மிதாவைக் கூட்டத்தில் பழித்துப் பேசியவரும் அதே விழாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தம் வாழ்வுக்காக, விரும்பியோ விரும்பாமலோ, வயது வந்த ஒரு பெண் ஆடியது இழிவு. ஏதுமறியாக் குழந்தையை நாம் ஆட்டுவிப்பது கலைவிழா. 'குழந்தைக்கு அதன் பொருள் தெரியாது' என்று விடை கூறுவார்கள். குழந்தைக்குத் தெரியாது, சரி. பாட்டைத் தேர்ந்த ஆசிரியைக்குத் தெரியுமல்லவா? 'பெற்றோர் கேட்கிறார்கள்' என்பது மற்றொரு விடை. பெற்றோர் கேட்பதையெல்லாம் கணக்குப் பாடத்தில் நாம் கற்பிப்பதில்லையே. 'நேரமில்லை, ஒலிப்பதிவு கையில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அசைவுகள் ஏற்கெனவே தெரியும்' என்று ஒருவர் சொன்னால் அதை நான் ஓரளவு ஏற்பேன். அது நேர்மையான விடை. ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆடற்பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடையாது. பணியாளர் பற்றாக்குறையில், பாடச்சுமையில், விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நிகழ்ச்சி தயாரிக்கச் சொன்னால் அந்த ஆசிரியை வேறென்ன செய்வார்?

திரைப்பாடலே கூடாது என்று நான் கூறவில்லை. குமாரி கமலா ஆடியதும் திரைப்பாடலே. ஆறாம் ஆண்டு மாணவியரை 'நாம் இருவர்' பாணியில் ஒரு பாரதி பாடலுக்கு ஆட வைக்கலாம். இடைநிலைப் பள்ளி மாணவர்க்குச் 'சந்திரலேகா'வின் முரசுக் காட்சியைக் காட்டி, ஆடல் கதையை எப்படி நடத்துகிறது என்று கட்டுரை எழுதப் பணிக்கலாம். மாதவியைக் கற்பிக்கும் வாரத்திலேயே ஜில் ஜில் ரமாமணியையும் சேர்த்துப் பேசினால் வகுப்பு உறங்காது. சில்க் ஸ்மிதாவைப் பற்றி மேல்வகுப்பு மாணவன் வினவினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இங்கே கூறிய வரலாற்றைக் கூறுங்கள். அவன் கைப்பேசியில் காண்பதைவிட அது அவனுக்குப் பயன்படும்.

நேரமில்லாத ஆசிரியைக்கு ஒன்று: தோட்டப்புறப் பள்ளிகளில் நம் அன்னையர் ஆடிய கும்மியும் கோலாட்டமும் இன்னும் மறைந்துவிடவில்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை அம்மாவுக்கோ துப்புரவுப் பணிபுரியும் பாட்டிக்கோ அவை தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். கும்மிக்கு எட்டுப் பிள்ளைகள் போதும். பாட்டையும் அவர்களே பாடுவார்கள். ஒலிநாடாவோ ஒலித்தட்டோ கைப்பேசியோ வேண்டா. எல்லாருடைய பாதமும் தெரியும்.